நீர்க்குமிழிக்குள் நெருப்பு!

காலையில் காப்பிக்கு வெந்நீர் வைக்கிறீர்கள். அடுப்பில் ஏற்றிய சில நிமிஷங்களுக்கெல்லாம் பாத்திரம் 'உஸ்ஸ்...' என்று பாட ஆரம்பிக்கிறது. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஆனாலும் சத்தம் மட்டும் பலமாக வருகிறது. பிறகு தளதளவென்று கொதி வந்ததும் அந்தப் பாட்டு அடங்கிப் போகிறது. கவனித்திருக்கிறீர்களா? தினமும் காதில் விழுகிற சத்தம் ஆகையால், 'ஏன்?' என்று கேட்கத் தோன்றியிருக்காது.

காரணம் இதுதான். பாத்திரத்தின் அடியில் சூடு அதிகம். அங்கே ஆவிக் குமிழிகள் பிறந்து மேலே கிளம்புகின்றன. மேலே இருக்கும் தண்ணீரோ இன்னும் அவ்வளவு சூடாகவில்லை. அதில் பட்டதும் குமிழிக்குள் இருக்கும் ஆவி சட்டென்று குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. குமிழியின் உள்ளே காலி! உடனே சுற்றிலும் உள்ள நீர் நாலா புறத்திலிருந்தும் பாய்ந்து வந்து மோதிக் கொள்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான சின்னஞ் சிறு மோதல்கள் சேர்ந்துதான் அந்த 'உஸ்'. தண்ணீர் முழுவதும் ஒரே சூடாகிவிட்டால் குமிழிகள் பாதி வழியில் மடியாமல் மேலே வந்து சேர்ந்துவிடுகின்றன, பாட்டு நின்றுவிடுகிறது.

கெட்டில் பாடுவதைப் பற்றி ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் என்பவர் எழுதியிருந்ததை ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி படித்தார். படித்தவர் சும்மா இருக்கவில்லை. 'ஒரு குமிழி இப்படி நசுங்கும்போது அதன் நடுவில் எவ்வளவு அழுத்தம் உண்டாகும்?' என்று கணக்குப் போட உட்கார்ந்து விட்டார். அந்தக் கணக்கு 1917-ம் வருஷம் வெளியாயிற்று. விடை அவருக்கே திகைப்பாக இருந்திருக்கும். நசுங்குகிற குமிழியின் நடுவே உண்டாகும் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு! அந்தக் காலத்தில் பெரிய நீராவிக் கப்பல்களைத் தள்ளும் உலோக விசிறிகள், கறையான் அரித்த மரம்போல் குழி குழியாகப் பொத்துப் போய்க் கொண்டிருந்தன. கடல் நீர் அரித்ததா, மணல் உராய்ந்ததா என்று குழம்பிக் கொண்டிருந்தவர்களுக்கு விடை கிடைத்தது: குற்றவாளி நீர்க்குமிழி!

நீர்க்குமிழி என்றாலே நமக்கு நிலையில்லாத, வலுவில்லாத ஒரு சமாசாரம். அது வெண்கலத்தையே குடைந்தெடுக்கும் என்பது அதிசயந்தான். ஆனால் நான் இங்கே சொல்ல வந்த அதிசயம் அதைவிடப் பெரியது. தகுந்த முறையில் நசுக்கினால் நீர்க்குமிழி ஒளி வீசும்! எண்ணெய் இல்லை, திரி இல்லை, மின்சார பல்பு இல்லை. வெறும் தண்ணீர், கொஞ்சம் காற்று, காதுக்குக் கேட்காத ஒரு சத்தம். அவ்வளவுதான். (உங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தை இருட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே குமிழி நசுங்குவது அவ்வளவு வேகமில்லை; ஒளி வராது.)

இந்த ஒளி முதன் முதலில் அகப்பட்ட கதை வேடிக்கையானது. ஜெர்மனியில் கொலோன் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சலென்றால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, 'ஓடிகொலோன்', அது பிறந்த ஊர்தான். அங்கே 1934-ம் வருஷம் ஃபிரென்ஸல், ஷுல்டெஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் போட்டோப் படங்களைச் சீக்கிரமாகக் கழுவ வழி தேடினார்கள். கழுவுகிற மருந்துத் தொட்டிக்குள் அல்ட்ரா ஸவுண்ட் என்னும் செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்தினால் காரியம் துரிதமாக நடக்குமோ என்று பார்த்தார்கள். துரிதமாக நடந்ததோ இல்லையோ, படத்தில் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்திருந்தது. வேறொருவராக இருந்தால் 'படம் பாழாய்ப் போயிற்றே' என்று தூக்கி எறிந்திருப்பார். இவர்கள் யோசித்தார்கள். இருட்டறையில், தொட்டிக்குள்ளே, படத்தில் புள்ளி விழ வேண்டுமானால் வெளிச்சம் வந்திருக்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வந்தது? திரவத்துக்குள் ஒலி கிளப்பிவிட்ட குமிழிகளிலிருந்து!

இதற்கு 'ஸோனோ லூமினெஸென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. ஒலியால் பிறக்கும் ஒளி என்று வைத்துக் கொள்ளலாம்.

அது எப்படி நடக்கிறது? நம் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். அதற்கு மேற்பட்ட அதிர்வுள்ள ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்தினால், தண்ணீர் மாறி மாறி அமுங்கியும் தளர்ந்தும் துடிக்கிறது. தண்ணீருக்குள் ஒரு துளி காற்றுக் குமிழி அகப்பட்டுக் கொண்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். தளரும்போது அது ஊதிப் பெருக்கிறது. அமுக்கும்போது சுற்றியுள்ள நீர் அதன்மேல் பாய்ந்து நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றைக் கெட்டியாக அமுக்கினால் சூடு ஏறும். இங்கே நசுங்குகிற வேகத்தில் அந்தச் சூடு வெளியே ஓடித் தப்பிக்க நேரமே இல்லை. எல்லாச் சூடும் அந்த அணுவளவு இடத்திலேயே அடைபட்டு, உள்ளே உள்ள வாயு கனன்று, பளிச்சென்று மின்னி மறைகிறது.

சூடு என்றால் எத்தனை? அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த கென்னத் சஸ்லிக்கும், அவரிடம் படித்த டேவிட் ஃபிளானிகனும் 2005-ம் வருஷம் அளந்து சொன்னார்கள். தண்ணீருக்குப் பதில் கந்தக அமிலத்தில் ஒரு குமிழியை மின்னச் செய்து, அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 15,000 டிகிரி! நம் சூரியனுடைய மேற்பரப்பின் சூடே சுமார் 5,500 டிகிரிதான்.

'அப்படியானால் தொட்டித் தண்ணீர் கொதித்துப் பொங்காதோ?' என்று கேட்பீர்கள். பொங்காது. தீபாவளிக்குக் குழந்தைகள் கம்பி மத்தாப்புக் கொளுத்தும்போது பொறிகள் கையில் விழுகின்றன. ஒவ்வொரு பொறியும் கடும் சூடு. ஆனால் கை வெந்து போவதில்லை. பொறி அத்தனை சிறிசு. இந்தக் குமிழியோ பொறியைவிடச் சிறிசு. ஊதிப் பெருத்திருக்கும்போது அதன் அகலம் மெல்லிய தலைமயிரின் கனத்தைப் போல ஓரிரு மடங்கு. நசுங்கும்போது அந்த அகலம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இத்தனை விவரமும் எப்படித் தெரிந்தது? ரொம்ப காலம் தெரியாமல்தான் இருந்தது. தொட்டியில் குமிழிகள் ஈசல் கூட்டம்போல் மொய்த்துக் கொண்டிருந்தால் எதைப் பிடித்து ஆராய்வது? அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்த விஷயம் ஒரு மூலையில் கிடந்தது. பிறகு மிஸிஸிபி சர்வகலாசாலையில் ஃபெலிப் கைட்டன் என்ற மாணவர், லாரன்ஸ் கிரம் என்ற ஆசிரியரின் மேற்பார்வையில், ஒரே ஒரு குமிழியைத் தண்ணீரின் நடுவில் அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். 1990-ல் அவருடைய ஆராய்ச்சி முடிந்தது. ஒலியே கையாக நின்று அந்தக் குமிழியை மேலேயும் போகவிடாமல் கீழேயும் போகவிடாமல் பிடித்து வைத்துக் கொள்கிறது. விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் அது ஊதி, நசுங்கி, மின்னி, மறுபடியும் ஊதுகிறது. கண்ணுக்கு அது நிலையாக எரியும் நீலப் புள்ளியாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு மின்னலும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது தெரியுமா? ஒரு விநாடியை ஆயிரம் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறு. சில சமயம் இரண்டு. ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிகூட அந்த ஒரு கூறு நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் தூரந்தான் போக முடியும். கலிபோர்னியாவில் சேத் புட்டர்மனும் பிராட்லி பார்பரும் 1991-ல் இதை அளக்கப் போய், தங்கள் கருவிகள் போதாமல் திண்டாடினார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் விஞ்ஞானிகள்தான் 1997-ல் சரியாக அளந்தார்கள்.

இதற்குள் ஒரு புதிர். தண்ணீரில் சாதாரணக் காற்றைக் கரைத்தால் குமிழி நன்றாக மின்னுகிறது. வெறும் நைட்ரஜனை மட்டும் கரைத்தால் ஒளி மங்கிவிடுகிறது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தானே! பிறகு ஏன் இந்த வித்தியாசம்? காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குகூட முழுசாக இல்லாத ஆர்கான் என்ற வாயுதான் காரணம் என்று 1994-ல் தெரிந்தது. 'ஆர்கான்' என்றால் கிரேக்க மொழியில் சோம்பேறி என்று அர்த்தம். எதோடும் சேராது, எந்த வேலையும் செய்யாது. குமிழிக்குள் சூடு ஏறியதும் நைட்ரஜனும் பிராணவாயுவும் சுறுசுறுப்பாக ஒன்றோடொன்று கூடி வேறு பொருள்களாகித் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடுகின்றன. சோம்பேறி மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் வேலையுள்ள விருந்தாளிகள் எல்லோரும் முகூர்த்தம் முடிந்து ரயிலேறிய பிறகு, கூடத்து ஊஞ்சலை விட்டு இறங்காத ஓர் உறவினர் இருப்பார் அல்லவா? அவரைப் போல! கடைசியில் குமிழி முழுவதும் ஆர்கானாகிவிடுகிறது. அதுதான் கனன்று ஒளி தருகிறது. இந்த விளக்கத்தை டெட்லெஃப் லோஸெ என்பவரும் அவருடைய சகாக்களும் 1997-ல் சொன்னார்கள். அடுத்த வருஷமே பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தின.

அந்த ஆர்கானை வில்லியம் ராம்ஸேயுடன் சேர்ந்து 1894-ல் கண்டுபிடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் கெட்டில் ராலே பிரபுவேதான்! அதற்காகத்தான் அவருக்கு 1904-ல் நோபல் பரிசு. குமிழி எப்படி நசுங்குகிறது என்று கணக்குப் போட்டவர் அவர்; அதற்குள் எரியும் வாயுவைக் கண்டுபிடித்தவரும் அவர். இரண்டும் ஒன்று சேர்ந்தால் விளக்கெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. 1919-ல் காலமாகிவிட்டார்.

மனிதன் கண்டுபிடித்து இவ்வளவு பெருமைப்படுகிறானே, இதைக் கடலடியில் ஓர் இறால் காலங்காலமாகச் செய்து கொண்டிருக்கிறது. விரல் நீளந்தான் இருக்கும். அதன் ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பூதாகாரமாக இருக்கும். இரை அருகில் வந்தால் அந்தக் கொடுக்கைச் 'சடக்'கென்று மூடும். நாம் விரலைச் சொடுக்குவது மாதிரி. எதிரே உள்ள சிறு நண்டோ புழுவோ மயங்கி விழுந்துவிடும். இவை கூட்டமாகச் சொடுக்கும் சத்தத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையைக் கேட்டுக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிட்டது!

கொடுக்கின் இரு பக்கமும் மோதுவதால்தான் சத்தம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மியூனிச்சைச் சேர்ந்த பார்பரா ஷ்மிட்ஸ் என்ற விலங்கியல் அம்மையார் இந்த இறால்களை ஆராய்ந்து வந்தவர். அவரும் ஹாலந்தில் ட்வென்டே சர்வகலாசாலையைச் சேர்ந்த லோஸெயின் கோஷ்டியும் சேர்ந்து, விநாடிக்கு 40,000 படம் பிடிக்கும் காமிராவை இறால் முன்னால் வைத்தார்கள். 2000-ம் வருஷம் உண்மை வெளிவந்தது. கொடுக்கு மூடும் வேகத்தில் ஒரு நீர்ப்பீச்சு பாய்கிறது. அதன் பின்னால் ஒரு குமிழி உண்டாகிறது. கொடுக்கு மூடி முடிந்த பிறகு, அந்தக் குமிழி நசுங்கும்போதுதான் சத்தம்! மறு வருஷம் இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் குமிழி நசுங்கும்போது ஒரு மின்னலும் வருகிறது. இறாலுக்கு அந்த வெளிச்சத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்கு வேண்டியது அடி.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஏனென்றால், 'இந்த ஒளியால் எனக்கு என்ன லாபம்? மின்சாரக் கட்டணம் குறையுமா?' என்று நீங்கள் கேட்டால், குறையாது என்றுதான் பதில் சொல்ல வேண்டும். குமிழியை வைத்து வீட்டுக்கு விளக்கேற்ற முடியாது. ஒலிக்காகச் செலவாகும் சக்தியில் மிகமிகக் கொஞ்சந்தான் ஒளியாகத் திரும்பி வருகிறது. உபயோகமெல்லாம் அந்த ஒளிக்குப் பின்னால் இருக்கும் அடியில்தான் இருக்கிறது. ஒளி வெறும் சாட்சி. 'இதோ, இங்கே இவ்வளவு பலமான அடி விழுந்தது' என்று அது வந்து சொல்கிறது.

அந்த அடியை நீங்கள் ஏற்கனவே பல தடவை விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் உங்கள் கண்ணாடியை வாங்கி, சின்ன எவர்சில்வர் தொட்டி ஒன்றில் போட்டு, 'ஙொய்...' என்று சத்தம் கேட்க இரண்டு நிமிஷம் வைத்து எடுத்துக் கொடுக்கிறார்கள் அல்லவா? நகைக் கடைகளிலும் அது இருக்கிறது. அந்தத் தொட்டிக்குள் கோடிக்கணக்கான குமிழிகள் நசுங்கி, பிரஷ் நுழையாத இடுக்குகளில் புகுந்து, எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் தட்டி எடுக்கின்றன. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஓரிரு நிமிஷம் அதில் தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை விழுந்திருக்கும். விரலை மட்டும் விட வேண்டாம்.

இந்தத் தொட்டி இப்போது வீட்டு உபயோகத்துக்கே விற்கிறது. வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். கல் ஆடாத வைரத் தோட்டுக்கு இது பிரமாதம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டுத் தேய்க்கும் வேலை மிச்சம். ஆனால் முத்து, பவழம், மரகதம், ஓப்பல் இவற்றை அதில் போடவே கூடாது. முத்தும் பவழமும் மென்மையானவை; மேற்பரப்பு கெட்டுவிடும். மரகதத்தில் இயற்கையாகவே நுண்ணிய விரிசல்கள் இருக்கும். அது தெரியாமலிருக்க எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். குமிழிகள் அந்த எண்ணெயை வெளியேற்றி, விரிசலையும் பெரிதாக்கிவிடும். பாட்டி காலத்து நகைகளில் கல்லுக்கு அடியில் ரேக்கு வைத்து மூடிக் கட்டியிருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்தால் ரேக்கு கறுத்து, கல்லின் களையே போய்விடும். அவற்றுக்குப் பழைய முறைதான் நல்லது.

ஒளியே நேராக வேலை செய்யும் இடமும் உண்டு. கம்ப்யூட்டருக்கான சிலிக்கான் தகடுகளை இதே மாதிரித் தொட்டிகளில்தான் சுத்தம் செய்கிறார்கள். அடி பலமாக விழுந்தால், மயிரிழையிலும் மெல்லிய கோடுகள் உடைந்து தகடு பாழ். அடி குறைந்தால் தூசி போகாது. எவ்வளவு அடி விழுகிறது என்று அறிய, தொட்டியிலிருந்து வரும் மங்கிய ஒளியை அளந்து பார்க்கும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். இன்னொரு உபாயம் லூமினால். துப்பறியும் நாவல்களில் இரத்தக் கறையைக் கண்டுபிடிக்கத் தெளிப்பார்களே, அதே மருந்துதான். அதைத் தொட்டி நீரில் கலந்தால், குமிழிகள் பலமாக நசுங்கும் இடங்களில் மட்டும் நீலமாக ஜொலிக்கும். எந்த மூலையில் வேலை நடக்கிறது, எந்த மூலை தூங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இனி, பேராசையின் கதை. குமிழிக்குள் சூரியனைவிடச் சூடு என்றதும், சிலருக்கு ஒரு யோசனை பிறந்தது. சூரியன் ஹைட்ரஜனை இணைத்துத்தானே எரிகிறது? அந்த இணைப்பைக் குமிழிக்குள்ளேயே நடத்திவிட்டால் உலகத்துக்கு என்றென்றும் மின்சாரப் பஞ்சம் இல்லையே! ஹாலிவுட்காரர்களுக்கு விஞ்ஞானிகளைவிட அவசரம். 1996-லேயே 'செயின் ரியாக்‌ஷன்' என்று ஒரு படம் எடுத்து, கீயனு ரீவ்ஸை ஓட ஓட விரட்டினார்கள்.

2002-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிசாலையிலிருந்து ரூஸி தலேயார்கான் என்பவரும் அவருடைய சகாக்களும், 'இணைப்பு நடந்துவிட்டது' என்று அறிவித்தார்கள். தலேயார்கான் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர்கள் உபயோகித்த திரவம் அஸிடோன். நகப் பூச்சை அழிக்கிறீர்களே, அதுதான். அதிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கன ஹைட்ரஜன் சேர்ந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஆர்ப்பாட்டம் செய்தன. ஆனால் அதே ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த வேறு இருவர், அதே சாதனத்தின் பக்கத்தில் இன்னும் நுட்பமான கருவியை வைத்துப் பார்த்தபோது ஒன்றும் அகப்படவில்லை. புட்டர்மனும் அதே மாதிரி செய்து பார்த்தார்; அவருக்கும் அகப்படவில்லை. கடைசியில் 2008-ல் பர்டியூ சர்வகலாசாலையின் விசாரணைக் குழு, தலேயார்கான் ஆராய்ச்சி ஒழுங்கை இரண்டு விதத்தில் மீறினார் என்று தீர்ப்புச் சொல்லியது. அவருடைய சொந்தப் பரிசோதனைச் சாலையிலேயே நடந்ததை, சம்பந்தமில்லாத வெளியார் செய்து உறுதிப்படுத்தியதுபோல் காட்டினார் என்பது அதில் முக்கியமானது. தாம் வைத்த ரசத்தைத் தம் வீட்டிலேயே ருசி பார்க்கச் சொல்லிவிட்டு, 'அடுத்த தெரு மாமி மெச்சினாள்' என்பது மாதிரி! சமையலில் இது மன்னிக்கத் தக்கது. விஞ்ஞானத்தில் அல்ல, ஏனென்றால், அடுத்த தெரு மாமியும் செய்து பார்த்து அதே ருசி வந்தால்தான் அங்கே அதற்கு உண்மை என்று பெயர். இன்றுவரை ஒருவருக்கும் அந்த ருசி வரவில்லை.

போகட்டும். மின்சாரம் கிடைக்காவிட்டாலும் வைத்தியத்தில் குமிழி நிஜமாகவே கைகொடுத்திருக்கிறது. சிறுநீரகக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல், வெளியிலிருந்தே அதிர்ச்சி அலைகளைக் குவித்து உடைக்கும் முறை 1980-ல் மியூனிச்சில் முதன் முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. கல்லை உடைப்பது அலைகளின் அடி மட்டுமல்ல. கல்லின் மேல் உண்டாகி நசுங்கும் குமிழிகளும் சேர்ந்துதான் அதைப் பொடிப் பொடியாக்குகின்றன.

இன்னொரு சேதி நீங்கள் அவசியம் கேட்க வேண்டியது. அமெரிக்காவில் மிஷிகன் சர்வகலாசாலையில், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில், ஜென் ஷூ என்ற பெண் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். கத்தியில்லாமல், ஒலியாலேயே உடம்பின் நோயுற்ற பகுதியை அழிக்க முடியுமா என்று பன்றியின் இருதயத் தசையை வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். அவருடைய சாதனம் போட்ட இரைச்சலில் அக்கம் பக்கத்தில் வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். பாவம், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று, ஒலித் துடிப்புகளை அவர்கள் காதுக்குக் கேட்காத அளவுக்கு வேகமாக்கினார். அவ்வளவுதான், ஒரு நிமிஷத்துக்குள் தசையில் ஓட்டை விழுந்துவிட்டது! அத்தனை நாளாகச் செய்து பார்த்ததைவிட இதுதான் பலித்தது. துடிப்புகள் உண்டாக்கிய குமிழிக் கூட்டம், சூடு ஏறாமலே, திசுக்களை மாவாக அரைத்துவிடுகிறது. 'ஹிஸ்டோட்ரிப்ஸி' என்ற இந்த முறையைக் கல்லீரல் கட்டிகளுக்குப் பயன்படுத்த 2023 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி அளித்தது.

இங்கே உங்களுக்கு ஒரு கவலை எழலாம். எழாவிட்டால்தான் ஆச்சரியம். 'ஒலி இப்படியெல்லாம் செய்யுமானால், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறார்களே, அதுவும் அல்ட்ரா ஸவுண்ட்தானே? வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?' நியாயமான கேள்வி. ஸ்கேனில் உபயோகிக்கும் ஒலி விநாடிக்குப் பல லட்சம் தடவை அதிர்வது. அந்த வேகத்தில் குமிழி ஊதிப் பெருக்க அவகாசம் கிடைப்பதில்லை. மேலும், அந்த ஒலியைத் தொடர்ந்து செலுத்துவதில்லை. துணுக்குத் துணுக்காக அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருப்பார்கள். குழந்தை மிதக்கும் பன்னீர்க் குடத்தில் வாயுக் குமிழியும் கிடையாது. இத்தனைக்குப் பிறகும் விஞ்ஞானிகள் அலட்சியமாக இருந்துவிடவில்லை. ராபர்ட் ஆப்ஃபெல் என்பவரும் கிறிஸ்டி ஹாலண்ட் என்ற அம்மையாரும் 1991-ல், எந்த அளவு ஒலிக்கு மேல் போனால் குமிழி ஆபத்து வரக்கூடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கிலிருந்து பிறந்த எண் ஒன்று ஸ்கேன் யந்திரத்தின் திரை ஓரத்தில் 'எம்.ஐ.' என்று தெரியும். அதைக் கவனித்துக் கொள்வது டாக்டரின் வேலை. டாக்டர் சொல்லும் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம். குழந்தையின் முகத்தைப் பார்க்கும் ஆசைக்காக மட்டும் அடிக்கடி எடுக்கவும் வேண்டாம்.

புற்றுநோய்க்குக் குமிழியின் ஒளியையே மருந்தாக்கும் முயற்சியும் நடக்கிறது. வெளிச்சம் பட்டால் மட்டும் விஷமாக மாறும் சில மருந்துகள் இருக்கின்றன. தோலுக்கு அருகில் உள்ள கட்டிக்கு விளக்குப் போட்டு அதைத் தூண்டலாம். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வெளிச்சம் எட்டாது. ஒலி எட்டும். ஜப்பானில் யுமிதா, உமெமுரா ஆகியோர் 1989-ல் இந்த வழியைக் காட்டினார்கள். மருந்தைத் தூண்டுவது குமிழியின் ஒளியா, அல்லது குமிழி நசுங்கும்போது பிறக்கும் ரசாயனப் பொருள்களா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சர்ச்சை தீரவில்லை. மனிதர்களிடம் சிறு அளவில் சோதித்து வருகிறார்கள். ஆகவே, 'ஒலியால் புற்றுநோய் குணமாகும்' என்று யாராவது விளம்பரம் செய்தால், இது இன்னும் பரிசோதனையில் இருக்கும் முறை என்பதை மறக்காதீர்கள். வீட்டில் ஒருவர் அந்த நோயால் கஷ்டப்படும்போது, கைப்பணத்தை இப்படிப்பட்ட விளம்பரத்தில் தொலைத்துவிட்டு, நிச்சயமான சிகிச்சையையும் தள்ளிப் போடுவது கொடுமை அல்லவா?

சமையலறைப் பக்கம் கொஞ்சம் திரும்பலாம். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் சர்வகலாசாலையில் குமிழி ஒளியையும் குமிழி ரசாயனத்தையும் வெகு காலமாக ஆராய்ந்து வருபவர் முத்துபாண்டியன் அசோக்குமார். பெயரே எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்கிறது! பால் திரிந்ததும் பிரியும் தெளிநீரில் நல்ல புரதம் இருக்கிறது. ஆனால் அதைச் சுட வைத்தால் கெட்டிப்பட்டுக் கட்டி தட்டும். ஒலிக் குமிழிகளால் முன்கூட்டி அடித்து வைத்தால், பிறகு சூடாக்கினாலும் அவ்வளவாகக் கெட்டிப்படுவதில்லை என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். பால் பண்ணைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

மற்றொன்று, ஒட்டாத தோசைக் கல். அதன் பூச்சைத் தயாரிக்கும்போது ஒரு காலத்தில் உபயோகித்த ஒரு ரசாயனம் தண்ணீரில் கலந்தால் லேசில் அழியாது; வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். (அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் அதை நிறுத்திவிட்டன.) அந்த ரசாயனத்துக்குச் சோப்பின் சுபாவம், எங்கே குமிழி இருந்தாலும் அதன் மேல்தோலில் போய் ஒட்டிக் கொள்ளும். குமிழி நசுங்கும்போது அந்தத் தோல் கொதித்தெழுகிறது. ஒட்டிக் கொண்ட பண்டம் வெந்து சிதைகிறது! கலிபோர்னியாவில் கால்டெக் விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் மின்சாரச் செலவு அதிகம். ஊர்த் தண்ணீர் முழுவதையும் இப்படிச் சுத்தம் செய்வதென்றால் கட்டுப்படியாகாது.

அந்த நீலப் புள்ளியைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று 1995-ல் செய்முறையையே வெளியிட்டது. காலேஜில் பௌதிகம் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால், ஆசிரியரின் துணையோடு முயன்று பார்க்கலாம். உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்று. அதன் இரு பக்கமும் ஒட்டிய, மின்சாரத்தால் அதிரும் இரண்டு பீங்கான் வில்லைகள். அவற்றை அதிர வைக்க ஓர் ஆம்ப்ளிஃபையர். தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியே ஆற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதிகமாகி ஒளி வராது. வில்லைகளில் பாயும் மின்சாரம் 'ஷாக்' அடிக்கும். ஆகவே சிறு குழந்தைகளைக் கிட்டே விட வேண்டாம். ஒலியை ஒழுங்கு செய்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரை மேலிருந்து விட்டால், அது கொண்டு வரும் குமிழிகளில் ஒன்று நடுவில் போய் நிற்கும். அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு, கண் பழகும் வரையில் பத்து நிமிஷம் பொறுத்திருங்கள். குடுவையின் நடுவில், ஊசி முனை அளவில், நீல நட்சத்திரம் ஒன்று அசையாமல் எரியும். ஒலியை நிறுத்தினால் அணைந்துவிடும்.